பாகப்பத்திரத்தில் அக்காவை மகன் என்று எழுதுவதா, மகள் என்று எழுதுவதா?

கீழ்பவானிக்காரன் (கோபி), 9 நவம்பர் 2025

வணக்கமுங்க. கோபியிலிருந்து சத்தி போகும் வழியில் எங்கள் ஊர். வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயல், மேட்டில் மஞ்சள் போடுகிற தோட்டம், ஒரு கிணறு. அப்பா இந்த ஆடியில் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. அம்மா, எனக்கு மூத்தவர் ஒருவர், நான். வாரிசு இவ்வளவுதான்.

அந்த மூத்தவர் பிறந்தபோது ஆண் பிள்ளை. பத்தாவது முடித்ததும் வீட்டை விட்டுப் போனார், சரியாகச் சொன்னால் நாங்கள் போக வைத்தோம். இப்போது கோவையில் திருநங்கையாக இருக்கிறார், கல்யாணச் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறார். அறுவை சிகிச்சை எப்போதோ ஆகிவிட்டது. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் பெண், புதுப் பெயர். பள்ளிச் சான்றில் ஆண், பழைய பெயர். அக்கா என்றுதான் நான் கூப்பிடுகிறேன். ஆனாலும் என் கல்யாணத்தில், கூடப் பிறந்தவள் உட்கார வேண்டிய இணைச்சீர்ச் சடங்குக்குப் பெரியப்பா மகள்தான் உட்கார்ந்தார். அப்பா இருந்தவரை அதையெல்லாம் பேசவே முடியாது.

வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். விசாரணைக்கு வந்தவர், "சர்டிபிகேட்டில் மகன், எதிரில் நிற்பது மகள், நான் எதை எழுத?" என்று கேட்டு அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

இதற்குள் வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. மாமன் மகன் அமெரிக்காவில், டாலஸில் இருக்கிறான். குடும்ப வாட்ஸப் குழுவில் நீளமாகப் போட்டுவிட்டான்: "டெக்சாஸில் செப்டம்பர் 1 முதல் சட்டமே வந்தாயிற்று, பிறந்தபோது எதுவோ அதுதான் கடைசிவரை. நம் ஊருக்கும் இது வரும். இப்போது மகள் என்று எழுதினால் நாளைக்குப் பத்திரம் செல்லாது." பெரியப்பா வீட்டிலோ, "ஏதாவது பணத்தைக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடு, மகனா மகளா என்கிற பேச்சே வராது" என்கிறார்கள்.

மகன் என்று எழுதினால் ஒரு பங்கு, மகள் என்று எழுதினால் வேறு பங்கு என்று வருமா? யார் ஆண், யார் பெண் என்று சொல்லும் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பனியன் கம்பெனி (திருப்பூர்)

பங்கில் ஒரு பைசா வித்தியாசம் வராது. மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. எதை எழுதினாலும் ஒன்றுதான். எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள்.


பழைய பேனா (தாராபுரம்)

தாராபுரம் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது ஆபீசை மகன் பார்க்கிறான், கம்ப்யூட்டரில் அவன் அடித்ததைத் திண்ணையில் உட்கார்ந்து பிழை பார்க்கிறேன். மேலே திருப்பூர்த் தம்பி சொன்னதில் முதல் வரி சரி. "எதை எழுதினாலும் ஒன்றுதான்" என்பது சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தபோது பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. அதை மத்திய அரசுக்கு முன்பே தமிழ்நாடு மாற்றியது. 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. அந்தச் சட்டம் வந்த புதிதில் எங்கள் மேசையில் விடுதலைப் பத்திரமாகக் குவிந்தது. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, கையெழுத்தைப் போடு என்று பெண்களை ஜீப்பில் கூட்டி வருவார்கள். எழுதியவன் நான்தான், காசும் வாங்கினேன், அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. பிறகு 2005இல் நாடு முழுக்க அதே உரிமை, கல்யாணம் ஆனவர்களுக்கும் சேர்த்து. அதிலும் இழுபறி வந்து, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் கணக்கு இப்படி. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த நிலம் என்றால் அம்மா, நீங்கள், அக்கா ஆளுக்கு மூன்றில் ஒன்று. பூர்வீகம் என்றால் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் முதலில் மூன்றாகப் பிரித்ததாகக் கணக்கு வைத்து, அப்பாவின் மூன்றில் ஒன்றை மறுபடி அம்மாவோடு சேர்த்து உங்கள் மூவருக்கும் பிரிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒன்பதில் நான்கு வீதம், அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று. இரண்டு கணக்கிலும் மகன், மகள் எது போட்டாலும் விடை மாறாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வாரிசுரிமைச் சட்டம் ஆண் இறந்தால் இப்படி, பெண் இறந்தால் அப்படி என்று பிரித்துப் பேசும். ஆண் யார், பெண் யார் என்று எங்கேயும் சொல்லாது. 1956இல் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. 2014 ஏப்ரல் 15 நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கின் தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு, அறுவை சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்று கேட்கக் கூடாது என்றது. பிறகு 2019இல் நாடாளுமன்றம் போட்ட திருநர் சட்டம். திருநர் என்றால் யார் என்று அதில் வரையறை இருக்கிறது, ஆட்சியர் தரும் சான்றிதழ் இருக்கிறது, குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமைகூட 12ஆம் பிரிவில் இருக்கிறது. சொத்தில் பங்கு பற்றி ஒரு வரி கிடையாது.

தமிழ்நாட்டில் எல்லாச் சட்டத்துக்கும் சேர்த்து ஆண், பெண் இன்னார்தான் என்று வரையறுக்கும் சட்டம் இல்லை. இங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்கிறார்கள். 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும் அடுத்து திருநங்கைகளையும் சேர்த்தார்கள். மகளிர் உரிமைத் தொகை விதியில், திருநங்கை தலைமையில் இருக்கும் குடும்பத்தில் அவரையே குடும்பத் தலைவியாகக் கருதலாம் என்று போட்டார்கள். கல்யாணத்துக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைத் தீர்ப்பு இருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். நிலத்துக்கு இப்படி ஒன்றும் இன்னும் எழுதிவைக்கவில்லை. உத்தரப் பிரதேசம் 2020இல் தன் வருவாய்ச் சட்டத்தைத் திருத்தி, விவசாய நில வாரிசுகளில் மூன்றாம் பாலினத்தவரையும் சேர்த்தது. இங்கே இந்த ஜூலையில் வந்த மாநிலத் திருநர் கொள்கை, வாரிசுரிமைச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்கிறது. கொள்கையை நம்பிப் பட்டா மாற்ற முடியாது. ஆனால் 1989இல் செய்தவர்களுக்கு இன்றைக்கும் வழி தெரியாமல் இல்லை. வாரிசுரிமை பொதுப் பட்டியலில் இருப்பது, சட்டமன்றம் திருத்தம் போட்டுக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கினால் முடிந்தது.

இப்போது "ஒன்றுதான் இல்லை" என்று ஏன் சொன்னேன் என்றால், சிக்கல் உங்கள் அப்பா சொத்தில் இல்லை. உங்கள் அக்காவுக்குப் பின்னால் வருவதில் இருக்கிறது. வாய்க்குப் பிடிக்காத பேச்சுத்தான், ஆனால் பத்திரம் எழுதுகிறவன் சாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, உயில் எழுதவில்லை, அம்மா உயிரோடு இருக்கிறார் என்று வையுங்கள். சட்டத்தின் கண்ணில் அவர் ஆண் என்றால் வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மனைவி மக்கள் இல்லாததால் அம்மாவுக்கே முழுசும். பெண் என்றால் 15ஆம் பிரிவு, அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும், அதாவது அம்மாவும் நீங்களும் ஆளுக்குப் பாதி. அவர் கோவையில் தன் சமையல் காசில் ஒரு சென்ட் வாங்கியிருந்தால் அதற்கு வேறு வரிசை: பெண் என்றால் முதலில் கணவன், பிள்ளை. கணவன் இருந்தும் ஆண் என்று கணக்கு வந்தால் அந்தக் கணவனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஒரு எழுத்தில் இவ்வளவு மாறும். இன்றைக்கு விசாரணைக்கு வந்தவர் சும்மா குழம்பவில்லை.

இதற்கு மருந்து உயில். அக்கா ஒரு உயில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கிவிட்டால் 8ஆம் பிரிவும் வேண்டாம், 15ஆம் பிரிவும் வேண்டாம். பத்திரத்தாள்கூடத் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

பத்திரத்தில் எப்படி எழுதுவது? முதலில் தேசியத் திருநர் இணையதளத்தில் விண்ணப்பித்து ஆட்சியரிடம் அடையாளச் சான்று வாங்கச் சொல்லுங்கள். அதற்கு மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது என்பது 2020இல் வந்த விதி. அதில் திருநர் என்று வரும். அறுவை சிகிச்சை ஆனவர் என்பதால், மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் சான்றை வைத்துத் திருநர் சட்டத்தின் 7ஆம் பிரிவில் பெண் என்று திருத்திய சான்றும் வாங்கலாம். பெயரை மாற்றவும் அந்தச் சான்றே ஆதாரம். அது கையில் இருந்தால் வாரிசுச் சான்றில் மகள் என்று எழுதத் தயங்க மாட்டார்கள். பிறகு பாகப்பத்திர முகப்பில் இரண்டு பெயரையும் போட வேண்டும். பழைய பெயரில் பள்ளிச் சான்று பெற்றவரும், இன்ன தேதியில் ஆட்சியர் அளித்த சான்றின்படி இன்ன பெயரில் அறியப்படுபவரும் ஒருவரே என்று ஒரு பத்தி. நாளைக்கு யாராவது "அந்த மகன் எங்கே, இந்த மகள் யார்" என்று கேட்டால் பதில் பத்திரத்திலேயே இருக்கும். நான் எழுதினால் அதற்கப்புறம் "குமாரத்தி" என்று போட்டுவிட்டு மேலே போய்விடுவேன்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். குடும்பத்துக்குள் பாகம் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் கூட்டிய விலை இது. குடும்பம் என்பதற்குள் சகோதரனும் வருவார், சகோதரியும் வருவார்.

விடுதலைப் பத்திரம் பற்றிப் பெரியப்பா சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.


பெருந்துறை டு டெக்சாஸ்

உங்கள் மாமன் மகன் இருக்கும் மாநிலத்தில்தான் நானும் இருக்கிறேன், ஆஸ்டினில். அவர் பாதிச் செய்தியைப் போட்டிருக்கிறார்.

அவர் சொல்லும் சட்டம் ஹவுஸ் பில் 229. இந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இனப்பெருக்க உறுப்பு மண்டலம் கருமுட்டை உண்டாக்கும் விதமாக அமைந்தவர் பெண், அதைக் கருவுறச் செய்யும் விதமாக அமைந்தவர் ஆண் என்று வரையறுத்து, மாநில அரசின் சட்டங்களுக்கும் அரசு சேகரிக்கும் விவரங்களுக்கும் அதையே பொருத்தச் சொல்கிறது. அதற்கு முன்பே, 2024 ஆகஸ்டிலேயே ஓட்டுநர் உரிமத்தில் பாலினம் மாற்றித் தருவதை இங்கே நிறுத்திவிட்டார்கள்.

டெக்சாஸ் முதல் மாநிலமும் இல்லை. கான்சஸில் 2023இல் இதே மாதிரிச் சட்டத்தை ஆளுநர் லாரா கெல்லி வீட்டோ செய்தார், சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் அதைத் தாண்டி நிறைவேற்றியது. அதை வைத்து ஓட்டுநர் உரிமத்தில் மாற்றம் செய்வதைத் தடுக்க மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். இந்த ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. மொன்டானாவில் 2023இல் போட்ட சட்டத்தை அடுத்த ஆண்டே ஒரு மாவட்ட நீதிபதி ரத்து செய்தார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: மசோதாவின் தலைப்பு உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒழுங்காகச் சொல்லவில்லையாம். பாலினத்துக்கு வரையறை கொண்டுவந்த சட்டம், சொந்தத் தலைப்பிலேயே மாட்டிக்கொண்டது. சில மாநிலங்களில் இப்படி நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டேதான் போகிறது, "முடிந்துபோன விஷயம்" இல்லை.

முக்கியமானது ஒன்று. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் டெக்சாஸ் வாரிசுச் சட்டம் பிள்ளைகள் என்றுதான் பேசும். மகன், மகள் என்று தனி வரிசை கிடையாது. இறந்தவர் ஆணா பெண்ணா என்று பார்த்து வாரிசு வரிசையை மாற்றும் வழக்கமும் இங்கே இல்லை. ஹவுஸ் பில் 229 வந்த பிறகும் உங்கள் அக்கா டெக்சாஸ்காரராக இருந்தால் அவர் பங்குக்கு ஒன்றும் ஆகாது. தாராபுரத்துப் பெரியவர் சொன்ன 8, 15 சிக்கல் நம் ஊர்ச் சட்டத்தில்தான் இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் டாலஸைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மாமன் மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், நேரில் பார்த்தால் பிரியாணி வாங்கித் தருகிறேன்.


நொய்யல் கரை (கோவை)

நானும் திருநங்கைதான். எனக்கும் காடு பிரித்துக் கொடுத்தார்கள், பல்லடம் பக்கம்.

பெரியவர் எழுதியது எல்லாம் சரி. ஆனால் மகனா மகளா என்பதிலேயே எல்லாரும் நிற்கிறீர்கள். என் பத்திரத்தில் ரொம்ப மரியாதையாக மகள் என்றுதான் எழுதினார்கள். வாசித்துக் காட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த அழுகையில் அட்டவணையைச் சரியாகக் கவனிக்கவில்லை. எனக்கு விழுந்தது கடைசி மேட்டாங்காடு. அதற்குப் போக வண்டித்தடம் எழுதவில்லை. கிணறு தம்பி பாகத்தில், எனக்குத் தண்ணீர் முறை எழுதவில்லை. இலவச மின் இணைப்பு அவன் பெயரில். சோளம் விதைக்கக்கூட அவன் வரப்பில் நடந்து போய்க் கேட்க வேண்டும். கடைசியில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அவன் சொன்ன விலைக்கு அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் கீழ்பவானித் தம்பி, உங்கள் அக்காவின் பாகத்தில் தடம் எத்தனை அடி, கிணற்றில் எந்தெந்த நாள் முறை, மோட்டார் செலவில் யாருக்கு எவ்வளவு, வாய்க்கால் மடையிலிருந்து தண்ணீர் யார் வயல் வழியாக வரும் என்பதை எழுதுங்கள். எழுதும் முன்னால் அவரை ஒரு நாள் தோட்டத்துக்குக் கூப்பிட்டு, எது வேண்டும் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். உங்கள் பதிவில் பெரியப்பா, மாமன் மகன், விசாரணைக்கு வந்தவர் என்று எல்லார் பேச்சும் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை.

உயில் பற்றியும் ஒன்று. எங்களில் பலருக்கு ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் எங்களுக்குள் சேர்ந்து வாழும் குடும்பத்தில், மகளாக ஏற்றுக்கொண்டவர்கள் இருப்பார்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பது அவர்கள்தான். உயில் இல்லையென்றால் வாரிசுச் சான்றில் அவர்கள் பெயர் வராது. உங்கள் அக்கா அவர்களுக்கு எழுதினாலும் எழுதுவார். அப்போது முகம் சுளிக்காதீர்கள்.


கீழ்பவானிக்காரன் (கோபி)

எல்லாருக்கும் நன்றிங்க. கோவை அக்கா கேட்டது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொன்னேன், முகூர்த்த ஆர்டர் இருக்கிறது என்று திங்கள்கிழமை வந்தார். அம்மாவும் அவரும் வரப்பில் முன்னால் போக நான் பின்னால் போனேன். மஞ்சள் காடு வேண்டாம், தென்னை நிற்கிற பக்கம் போதும், ஆனால் கிணறு பொதுவில் இருக்க வேண்டும் என்றார். சமையலுக்குத் தேங்காய் வெளியே வாங்கி மாளவில்லையாம்! மகள் என்றே எழுத வேண்டும், அதில் மாற்றம் இல்லை என்றும் சொன்னார். ஆட்சியர் சான்றுக்கு அன்று சாயங்காலமே என் போனில் விண்ணப்பித்தோம். உயில் பற்றிக் கேட்டதற்கு, "அதை நான் யோசித்து வைத்திருக்கிறேன், உன்னிடம் சொல்ல மாட்டேன்" என்கிறார். சரி என்று விட்டுவிட்டேன்.

தாராபுரத்து அய்யாவுக்கு ஒரு கேள்வி. அம்மா தன் பங்கையும் இப்போதே எங்கள் இருவருக்கும் சமமாக எழுதிவிடுகிறேன் என்கிறார். செய்யலாமா?


பழைய பேனா (தாராபுரம்)

செய்யலாம், ஆனால் இப்போது வேண்டாம். அம்மா பங்கு அம்மா பெயரிலேயே பட்டாவாகட்டும். பிற்பாடு யாருக்கு என்று அவர் விருப்பப்படி உயில் எழுதட்டும், மனசு மாறினால் மாற்றியும் எழுதலாம். தானமாக எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை. பிள்ளைகள் நல்லவர்களாக இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு என் திண்ணைக்கு வந்து உட்கார்ந்த அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை.

கிணறு பொது என்றால் எண்ணிட்ட பாகம் எதிலும் அதைச் சேர்க்காமல், தனி அட்டவணையில் பொதுச் சொத்து என்று எழுதி, முறை நாளையும் மோட்டார் ரூம், பைப் லைன் போகும் வழியையும் காட்ட வேண்டும். மின் இணைப்பு அப்பா பெயரில் இருந்தால் யார் பெயருக்கு மாறினாலும் எல்லாருக்கும் பாத்தியம் உண்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கோவை அம்மணி சொன்ன தடத்தை அடிக்கணக்கில் எழுத வேண்டும், "வழக்கமான தடம்" என்று எழுதினால் வழக்குத்தான் வரும்.

சான்று வந்ததும் தாய்ப் பத்திரம், வில்லங்கம், சிட்டா, புல வரைபடம் எல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர் ஒருவரிடம் போங்கள். கரட்டு நகலை அக்கா கையில் கொடுத்து, வீட்டில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.